ராஜபாய் அக்காவின் கம்ப்யூட்டருக்கு ஈட்டிய விடுப்பு

ராஜபாய் அக்கா லீவு போட்டால் அவருடைய கம்ப்யூட்டருக்கும் லீவு. கிண்டலுக்குச் சொல்லவில்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வரிசை எண் பதினொன்று, ராஜபாய், யு.டி. கிளார்க். வரிசை எண் பன்னிரண்டு, கம்ப்யூட்டர், பி செக்‌ஷன். இரண்டு பெயருக்கும் நேராகச் செவ்வாய்க்கிழமை முதல் சிவப்பு மையில் கோடு இழுத்து, 'ஈட்டிய விடுப்பு, பதினான்கு நாள்' என்று எழுதியிருந்தது. கீழே சூப்பிரண்டின் சுருக்கொப்பம்.

எனக்கு வரிசை எண் கிடையாது. நான் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக நூற்று எழுபத்தொன்பது நாளுக்கு மட்டும் எடுக்கப்பட்ட டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர். இன்னும் ஒரே ஒரு நாள் சேர்த்து வைத்துக்கொண்டால் நிரந்தரம் கேட்டுவிடுவேனோ என்று அரசாங்கத்துக்குப் பயம். அதனால் பெரிய பதிவேட்டில் என்னைச் சேர்க்காமல், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தனியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மரியாதை டிகிரி படித்தவளுக்குக் கிடைக்கவில்லை என்று நான் வருத்தப்பட்டதில்லை. கோபப்பட்டேன். அது வேறு.

எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் பாளையத்தில், மழை பெய்தால் மூன்று இடத்தில் வாளி வைக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. பெயர், தளவாட இருப்புச் சரிபார்ப்பு இயக்ககம். மற்ற அரசு அலுவலகங்களில் எத்தனை மேசை, எத்தனை நாற்காலி, எத்தனை குப்பைக்கூடை என்று எண்ணி அறிக்கை அனுப்புவது எங்கள் வேலை. நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்பது எங்கள் வரம்பில் வராது.

நான் சேர்ந்தபோது அங்கே நான்கு கம்ப்யூட்டர், ஒரே ஒரு லேசர் பிரிண்டர். பிரிண்டர் ராஜபாய் அக்காவின் கம்ப்யூட்டரோடு கேபிளில் பிணைத்திருந்தது. மற்ற மூன்று செக்‌ஷன்காரர்களும் கடிதத்தை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு அக்காவின் மேசை முன்னால் வரிசையில் நிற்பார்கள். அக்கா ஒவ்வொரு ஃபிளாப்பியையும் வாங்கி, வைரஸ் போகட்டும் என்று முந்தானையில் துடைத்துவிட்டுச் செருகுவார்.

இத்தனைக்கும் நான்கு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் வயர் இழுத்திருந்தது. யாரோ கான்ட்ராக்ட் எடுத்துச் சுவரில் துளை போட்டு, வயர்கள் வந்து சேரும் ஹப் பெட்டி ஒன்றையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் பச்சை விளக்குகள் மின்னுவது அழகாக இருக்கிறதென்று போன கிறிஸ்துமஸுக்கு அதைச் சுற்றி நட்சத்திரம் கட்டினார்களாம்.

மூன்றாவது வாரம் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய கம்ப்யூட்டரில் பிரிண்டரை மற்றவர்களும் பயன்படுத்தும்படி ஷேரிங்கில் போட்டேன். மற்ற மூன்றிலும் அதைச் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. அந்த மூன்றில் ஒன்று இருந்த என் மேசைக்கு வந்து ஒரு பக்கத்தை அனுப்பினேன். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து அலறல் கேட்டது.

"கர்த்தாவே! ஆரும் தொடல்ல, கடலாசு தானா வருதே! வேதமாணிக்கம் சாரே, இஞ்ச ஓடி வாரும்!"

வேதமாணிக்கம் சார் எங்கள் சூப்பிரண்டு. பாறசாலைக்காரர். வந்து, பிரிண்டரைச் சுற்றி ஒரு நடை நடந்து, தாளை முனையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆரு செய்த காரியம்?"

"நான்தான் சார். பிரிண்டரை எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டேன். இனிமே ஃபிளாப்பி தூக்கிட்டு யாரும் அலைய வேண்டாம்."

"செரி. ஒரு செக்‌ஷனுக்கு எத்தன பங்கு?"

"பங்கெல்லாம் இல்ல சார். நாலு பேருக்கும் முழுசு."

"பிள்ளே, ஒரு பிரிண்டர நாலு பேருக்கு முழுசா குடுக்க ஒக்குமா? நாளைக்கு நம்மளயே எண்ண வந்தா நான் என்ன எழுதுவேன்? ஒண்ணுன்னு எழுதினா மத்த மூணு செக்‌ஷனும் கள்ளம் சொல்லுது. நாலுன்னு எழுதினா மூணு பிரிண்டர ஆரு கட்டோண்டு போனான்னு கேப்பான். கேட்டியா மக்களே, இது நமக்கு வேண்டாத பணியாக்கும்."

விஷயம் நிர்வாக அதிகாரி வெங்கடசுப்ரமணியன் சாரிடம் போனது. கரமனை அக்ரஹாரத்திலிருந்து தினமும் நடந்தே வருகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"கொழந்தே, நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல யாரையும் தப்புன்னு சொன்னதில்லை. சரின்னும் சொன்னதில்லை. அதனாலயாக்கும் இந்த நாற்காலிக்கு வந்தேன். இப்போ சொல்லு, இது எப்படி நடக்கறது?"

"அக்காவோட கம்ப்யூட்டர் ஓடிட்டு இருந்தா மத்தவங்களுக்கும் பிரிண்ட் வரும் சார். அது நின்னா எல்லாருக்கும் நின்னுடும்."

"அப்போ அது மத்த மூணு செக்‌ஷனுக்கும் வேலை பார்க்கறது."

"ஆமா சார்."

"வேலை பார்க்கறது வந்திருக்கா வரலையான்னு எப்படித் தெரியும்?"

"போய்ப் பார்த்தா தெரியும் சார்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போய்ப் பார்த்தா தெரியற சமாச்சாரத்துக்கு ஆபீஸ் எதுக்கு?"

மறுநாள் முதல் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறியது. ராஜபாய் அக்கா காலையில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே கம்ப்யூட்டருக்காகவும் போட்டார். பத்தே காலுக்கு மேல் கரண்ட் வந்தால் கம்ப்யூட்டருக்குத் தாமதக் குறி. மூன்று தாமதத்துக்கு அரை நாள் லீவு வெட்டு. ஜூலையில் இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதற்கு இரண்டரை நாள் போனது.

யூனியன் சும்மா இருக்கவில்லை. யூனியன் என்றால் ஷாஜி. கம்ப்யூட்டர் பன்னிரண்டாம் எண்ணுக்கு வந்ததால், அதுவரை பன்னிரண்டாக இருந்த ஷாஜி பதின்மூன்றாகிவிட்டார். இடைவேளையில் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். தமிழ் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருந்ததால் மலையாளத்தையும் தமிழையும் கலந்தே பேசினார்.

"சகாக்களே! மெஷின் வேண்டா என்று நம்ம யூனியன் ஒருக்காலும் சொன்னதில்லா. மெஷின் வரட்டே! பட்சே, பதினாறு வருஷம் சர்வீஸ் உள்ள ஷாஜிக்கு மேலே, நேத்து வந்ந ஒரு மெஷின் உக்காருமோ? இது ஷாஜியின்டே பிரச்னை அல்லா. பதின்மூணு முதல் இருபத்திரண்டு வரை உள்ள ஓரோ தொழிலாளியின்டேயும் பிரச்னை!"

கம்ப்யூட்டரைப் பட்டியலின் கடைசியில் போடலாமே என்று நான் சொன்னேன். கடைசியில் இருக்கும் பியூன், தனக்குக் கீழே ஒருவர் வருகிறார் என்றால் அவரிடம் டீ வாங்கிவரச் சொல்லலாமா என்று கேட்டார். விஷயம் கமிட்டிக்குப் போனது.

கமிட்டி ஒரு உத்தரவு போட்டது. கம்ப்யூட்டரின் தாய்ச் செக்‌ஷன் பி. காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அது ஏ செக்‌ஷனுக்கு வொர்க்கிங் அரேஞ்ச்மெண்டில், அதாவது தற்காலிக இரவல் பணியில், போகிறது. பன்னிரண்டு முதல் ஒன்றேகால் வரை சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டி. போகிறது என்றால் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு போகிறது. நெட்வொர்க்குக்கு இந்த உத்தரவு தெரியாது. யார் எப்போது அனுப்பினாலும் அது அடித்துக் கொடுத்தது. ஆகவே நேரம் தவறி வந்த தாள்களை எல்லாம் நான் பொறுக்கி, 'அனுமதியின்றி அச்சானது' என்று முத்திரை குத்தி, அவரவர் நேரத்தில் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஐந்து மாதம் செய்தேன். அனுபவம் என்றால் இதுதான் என் அனுபவம்.

அந்த அனுபவத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அங்கேதான் கழுத்தில் கயிறு விழுந்தது.

நகரத்துக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் எழுத்துப் பரீட்சை, நேர்முகம் இரண்டும் தேறியிருந்தேன். செவ்வாய் சாயங்காலம் ஹாஸ்டலுக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேரலாம். ஆனால் வெள்ளி மாலை ஆறு மணிக்குள் இப்போதைய அலுவலகத்தின் அனுபவக் கடிதம் அசலாகக் கையில் வர வேண்டும். லெட்டர்ஹெட், தேதிகள், செய்த வேலை, கையெழுத்து, வட்ட முத்திரை. வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. அந்த வெள்ளிதான் என் நூற்று எழுபத்தொன்பதாவது நாளும்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். வெள்ளிக்கிழமையோடு ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு மலையேறினால், அம்மாவின் பக்கத்தில் எனக்கும் ஒரு கூடை. கொழுந்து கிள்ளுவது கேவலமில்லை. இருபத்தாறு வருஷம் கிள்ளித்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் கிள்ளக்கூடாது என்பதற்காகத்தான் அவள் கிள்ளினாள். அதே கூடையை அவளுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்ட என்னால் முடியாது.

அதே செவ்வாய்க்கிழமை காலையில்தான் ராஜபாய் அக்கா, மகளின் தலைப்பிரசவத்துக்கு மார்த்தாண்டம் போயிருந்தார். போகுமுன் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைக்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, மவுஸுக்கு அடியில் விரிப்பு ஒன்று, பிரிண்டர் ஒன்று என்று பட்டியல் நன்றாகத்தான் போனது. கடைசியில் 'ஷேரிங்' என்று ஒரு வரி. "எத்தன எண்ணம்?" என்று கேட்டார் வேதமாணிக்கம் சார். யாருக்கும் தெரியவில்லை. எண்ண முடியாத பொருளைப் பொறுப்பேற்க எங்கள் இயக்ககத்தில் ஆள் கிடையாது. எனவே அக்கா, மேசையை ஒட்டிக் கம்ப்யூட்டர் இருந்த மர அலமாரியின் கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டு, இரண்டு லீவு விண்ணப்பம் எழுதினார். கம்ப்யூட்டரின் விண்ணப்பத்திலும் காரணம், மகள் பிரசவம். லீவில் இருக்கும்போது முகவரி, மார்த்தாண்டம்.

பிரிண்டர் மட்டும் அலமாரிக்கு மேலே, அனாதையாக.

புதன்கிழமை காலை சான்றிதழை நானே டைப் செய்தேன். பதினான்கு வரி. வெங்கடசுப்ரமணியன் சார் திரையிலேயே படித்தார். கடைசி வரி, 'நடத்தையும் குணமும் திருப்திகரம்'. ஒரு காற்புள்ளியை மட்டும் எடுக்கச் சொன்னார்.

"பேஷ். பிரிண்ட் எடுத்துண்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்."

அழுத்தினேன். பிரிண்டரைக் காணவில்லை என்றது திரை. பத்தடி தூரத்தில் எனக்குத் தெரிகிறது. திரைக்குத் தெரியவில்லை.

வேதமாணிக்கம் சாரிடம் ஓடினேன்.

"சார், ஒரே ஒரு பக்கம். தம்பானூர்ல டிடிபி கடையில அடிச்சுட்டு வந்துடறேன். லெட்டர்ஹெட் ஒரு தாள் குடுங்க."

"லெட்டர்ஹெட் படியெறங்கப்பிடாது மக்களே. எண்ணி வச்சிருக்கு."

"அப்ப நீங்க கையால எழுதிக் குடுங்க சார்."

"ஏப்ரல் ஒண்ணு முதல் கைகொண்டு எழுதினது செல்லாதுன்னு ஆர்டர் உண்டே. அந்த ஆர்டர நான் கையாலயாக்கும் எழுதினேன். அப்ப கம்ப்யூட்டர் வந்திருக்கல்ல."

"ரெக்கார்டு ரூம்ல டைப்ரைட்டர் ரெண்டு இருக்கே சார்?"

"உண்டு. ஆனா ரெண்டும் செத்துப்போச்சுன்னு நம்மளே எழுதி ஒப்பு வச்சாச்சு. செத்துப்போனதுல அடிச்ச சர்ட்டிபிக்கேட்டுக்கு வெல உண்டா, நீயே சொல்லு பிள்ளே."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டேன். ராஜபாய் அக்கா நல்ல மனுஷி.

"மக்களே, எனக்கு மனசில்லாம இல்ல. பஸ்ல ஆருட்டயாவது சாவியக் குடுத்துவிட எனக்கு அஞ்சு நிமிஷம் போரும். ஆனா லீவுல இருக்கப்பட்டவ சாவி குடுத்தா டியூட்டி பாத்த மாதிரி ஆவும். லீவு முறிஞ்சு போவும். பிள்ளைக்கு இன்னும் வலி கண்டில்ல பாத்துக்க."

நான் அவரிடம் கோபப்படவில்லை. அவர் சொன்னது சட்டப்படி சரி. அந்த அலுவலகத்தில் எல்லாரும் சொன்னது சட்டப்படி சரிதான்.

வியாழன் ஹர்த்தால், பஸ்ஸும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஹாஸ்டல் கட்டிலில் படுத்து, கூரையிலிருந்த விசிறியை ஒன்று, ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கம் தொற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே போய் நின்றேன். கம்ப்யூட்டரை லீவிலிருந்து திருப்பி அழைக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது என் புத்தி நன்றாக இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வெங்கடசுப்ரமணியன் சாருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

"தாராளமாக் கூப்பிடலாம். அதுக்கு வழி இருக்கு. லீவு முகவரிக்கு ரெஜிஸ்தர் தபால் அனுப்பணும்."

"கம்ப்யூட்டருக்கா சார்?"

"அதுதானே லீவுல இருக்கு?"

"அது மார்த்தாண்டத்துல இல்லையே சார். இதோ, பத்தடியில பூட்டிக் கிடக்கு."

"தெரியும் கொழந்தே. தபால், ஆள் இல்லைன்னு திரும்பி வரும். வந்தப்புறம் ரெண்டாவது நோட்டீஸ். அதுவும் திரும்பினா, ஆஜராகாத குத்தத்துக்கு நடவடிக்கை எடுத்துப் பூட்டை உடைக்கலாம். எல்லாம் ஒரு மாசத்துல முடிஞ்சுடும்."

"எனக்கு ஆறு மணி வரைக்கும்தான் சார் நேரம்."

"அது உன்னோட நேரம். ஆபீஸோட நேரத்தை நான் சொன்னேன்."

ஷாஜியிடம் போனேன். கம்ப்யூட்டர் மேல் அவருக்கிருந்த பகை எனக்கு உதவும் என்று கணக்குப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலைச்செல்வீ, ஞான் உன்கூடத் தன்னே. பட்சே லீவு தொழிலாளியின்டே அவகாசம், உரிமை. இன்று கம்ப்யூட்டரின்டே லீவு கேன்சல் செய்தா, நாளை என்டேது கேன்சல் செய்யும். அது சம்மதிக்க முடியில்லா. வேணுமெங்கில் உனக்காக ஒரு கண்டனத் தீர்மானம் போடலாம்."

"போடுங்க."

"பிரிண்டர் வரட்டே, போடலாம்."

மதியம் சாப்பிடவில்லை. பூத்திலிருந்து எஸ்டேட்டில் மைதீன் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். மூன்று நிமிடம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"கெடச்சிருச்சா பாப்பா?"

"இல்லப்பா. பிரிண்டர் லீவுல இருக்கு."

"யாரு?"

"விடுங்கப்பா. ஒரு பக்கம் அடிக்கணும். அடிக்க விடமாட்றாங்க."

"ஒத்தக் கடுதாசிதான? கையால எழுதித் தரச் சொல்லு."

"கையால எழுதுனா செல்லாதாம்பா."

அப்பா யோசித்தார். "அப்பிடியா? இங்க முப்பது வருசமா என் கைநாட்டு செல்லுதே."

பிறகு, "அம்மாகிட்ட என்ன சொல்ல?" என்றார். நான் போனை வைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர், அழுது முடித்தாச்சா என்று கேட்பதுபோல் மணிக்கட்டைக் காட்டினார்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு எழுந்தேன். எல்லாரும் டீயில் இருந்தார்கள். அலமாரிக்கு முன்பக்கம்தான் கதவும் பூட்டும். பின்பக்கம் பலகையே கிடையாது. சுவரை ஒட்டி நிறுத்தியிருந்ததால் ஐந்து மாதமாக எவர் கண்ணிலும் படவில்லை. மற்ற அலுவலகங்களின் அலமாரிகளை எண்ணுகிறவர்கள். அலமாரியை ஒரு சாண் தள்ளி, கையை உள்ளே விட்டு, கேபிளின் இரண்டு திருகையும் கழற்றினேன். பிரிண்டரைக் கேபிளோடு தூக்கி வந்து என் மேசையில் வைத்து, என் கம்ப்யூட்டரில் செருகினேன். நெட்வொர்க் வழி அல்ல, நேரே இங்கே என்று அமைப்பில் ஒரு இடத்தில் மாற்ற வேண்டும். மாற்றினேன். சான்றிதழ் வந்தது. சூடாக, பதினான்கு வரியும்.

நிர்வாக அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். படித்தார். பேனாவை மூடினார்.

"பிரிண்டர் எப்படி வந்தது?"

சொன்னேன். பொய் சொல்ல எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அலுப்பாக இருந்தது.

"அப்போ இந்தக் கடைசி வரி சரியில்லையே. நடத்தை திருப்திகரம்னு போட்டிருக்கு."

"காலையில வரைக்கும் திருப்திகரமாத்தானே இருந்துச்சு சார்?"

"இந்தக் காகிதம் காலையில இல்லை. இது இருக்கணும்னா நீ அதைப் பண்ணியிருக்கணும். அதைப் பண்ணினா இந்த வரி பொய். பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்."

"அந்த வரியை எடுத்துட்டு வேற அடிச்சுத் தர்றேன் சார்."

"நடத்தை இல்லாத சான்றிதழுக்கு ஃபார்மட் இல்லை."

அதற்குள் வேதமாணிக்கம் சார் வந்துவிட்டார். ஹாலில் ஒரே கூட்டம். பிரிண்டர் இருந்த இடத்தில் தூசி சதுரமாக இருந்ததை எல்லாரும் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"சாரே, இதுக்கு மெமோ குடுக்கணும்," என்றார் வேதமாணிக்கம் சார். உடனே முகம் வெளுத்தது. "ஆனா இண்ணைக்கு இவளுக்குக் கடைசி நாளாக்கும். அஞ்சு மணி கழிஞ்சா இவ நம்ம ஆளு இல்ல. நம்ம ஆளு இல்லாத்த ஒருத்திக்கு மெமோ குடுக்க ஒக்காது."

வெங்கடசுப்ரமணியன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபத்தைந்து. அந்த அலுவலகத்தில் அவர் வேகமாக எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"டைப் பண்ண யார் இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டைப் செய்ய நான்தான் இருக்கிறேன்.

"உக்காரு, கொழந்தே. எழுதிக்கோ."

அவர் என் பின்னால் உலாவிக்கொண்டே இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அடித்தேன். தமிழில் இப்படி வரும்:

'தங்கையன் மகள் செல்வி டி. கலைச்செல்வி, ஜூன் மூன்று முதல் நவம்பர் இருபத்தெட்டு வரை நூற்று எழுபத்தொன்பது நாள் இந்த இயக்ககத்தில் டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டராக ஒரு நாளும் தவறாமல் பணியாற்றியவர். நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒரு பிரிண்டரோடு இணைக்கும் வேலையை எவருடைய துணையும் இன்றித் தாமாகவே செய்தவர். இந்த அலுவலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத கம்ப்யூட்டர் அறிவை உடையவர் என்பதால், அவர் தெரியாமல் செய்தார் என்று கருத இடமில்லை. அத்தகையவர் இன்று பிற்பகல் 4.05 மணிக்கு, பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், மேற்படி பிரிண்டரை இடம் மாற்றி, இணைப்பை மாற்றி, பிழையின்றி இயக்கியுள்ளார். இதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.'

"அச்சடி," என்றார்.

"எதுல சார்? பிரிண்டர் லீவுல இருக்கே."

அவர் ஒரு கணம்தான் தயங்கினார். "இந்த மெமோவுக்கு மட்டும், ரெண்டு தாளுக்கு மட்டும், அனுமதி. வேதமாணிக்கம், லெட்டர்ஹெட் எடும்!"

லெட்டர்ஹெட் ஓடி வந்தது. இரண்டு தாள் அச்சாகின. அவர் நின்றவாறே கையெழுத்துப் போட்டார். ஷாஜி முத்திரைப் பெட்டியைத் தானே தூக்கி வந்தார். வட்ட முத்திரை விழுந்தது. அனுப்புகை எண் ஏறியது. ஒரு பிரதியை என் கையில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாக என்னிடம் ஒப்பு வாங்கினார்கள். நான்கு நாற்பத்தொன்று. பதினாறு நிமிடம். எல்லாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வேலையைச் சேர்ந்து செய்து முடித்த சந்தோஷம் அந்த முகங்களில் இருந்தது.

கையெழுத்தும் வட்ட முத்திரையும் உள்ள தாள் என்று என்னிடம் இருந்தது அந்த மெமோ ஒன்றுதான். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கழக்கூட்டம் பஸ் உள்ளூர் ஸ்டாப்பில் நின்றது, ஸ்ரீகாரியத்தில் நின்றது, காரியவட்டத்தில் மழையில் நின்றது. கையிலிருந்த தாளை நான் அதுவரை டைப் அடித்தவளாகத்தான் பார்த்திருந்தேன். நெடுஞ்சாலை நெரிசலில் உட்கார்ந்துகொண்டு முதல் முறையாகப் படிக்கிறவளாகப் பார்த்தேன். இரண்டு முறை படித்தேன். பதினான்கு வரிச் சான்றிதழில் என்னைப் பற்றி இவ்வளவு சொல்லவில்லை. சிரிப்பு வரவில்லை. தாளை நனையாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கம்பெனியின் வாசல் மேசையில் லிபி என்று பெயர்ச்சீட்டு குத்திய பெண் இருந்தாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. என் வயதுதான் இருக்கும். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட நான் நின்றதைப் பார்த்து ஒரு டிஷ்யூவை நீட்டினாள். பிறகு தாளை வாங்கினாள். பக்கத்தில் கட்டங்கள் போட்ட இன்னொரு தாளை வைத்துக்கொண்டாள்.

லெட்டர்ஹெட். டிக். தேதிகள். விரலை ஓட்டி ஜூனையும் நவம்பரையும் கண்டுபிடித்தாள். டிக். செய்த வேலை. 'டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர்' என்ற சொல்லில் விரல் நின்றது. டிக். கையெழுத்து. டிக். தாளை வெளிச்சத்தில் தூக்கி முத்திரை வட்டமா என்று பார்த்தாள். வட்டம்தான். டிக்.

"ஓக்கே. மண்டே ஒன்பது மணிக்கு வரூ," என்றாள்.

"நீங்க இதப் படிக்கலையே," என்றேன். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். முடியவில்லை.

லிபி தன் தாளை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லல்லோ," என்றாள்.